மூன்றரை இலட்சம் ரூபா நீராவி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டு விறாந்தையில் நாலுபேரும் ஒரு போனைச் சுற்றி இருந்தோம். எங்களில் ஒருத்தியின் பெரியம்மா ரொறன்ரோவில் இருந்து வீடியோ கோல் எடுத்திருந்தா. அங்கே காலமை. குசினி மேசையில் ரீவி மாதிரி ஒரு பெட்டி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளுக்கு வெளிச்சம், பக்கத்தில் தண்ணி ராங்கி. கதவைத் திறந்தவுடன் போன் திரை புகார் மூடியது. புகார் விலகப் பார்த்தால் உள்ளே ஒரு கிண்ணத்தில் பிட்டு.

"நீத்துப்பெட்டியும் இல்லை, பானையும் இல்லை. பட்டனை அமத்திப்போட்டுக் குளிக்கப் போனனான்" எண்டா.

பிட்டைக் காட்டத்தான் எடுத்தவ எண்டு நினைத்தோம். விசயம் வேற. எங்கள் தோழியின் அம்மா, அதாவது பெரியம்மாவின் தங்கச்சி, வடமராட்சியில் வீட்டிலிருந்தே இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் குடுக்கிறவ. விடிய மூன்றரைக்கு எழும்பினால் ஆறு மணிக்கு முதல் முந்நூறு இடியப்பம் முடிய வேணும். பதினாலு வருசமாய் இதுதான் அந்த வீட்டின் வருமானம். எங்கள் தோழி கம்பசுக்கு வந்ததும் அந்தக் காசில்தான்.

"அவளும் எத்தினை காலத்துக்கு அடுப்படியில கிடந்து வேகிறது? இதில ஒண்டு வாங்கி அனுப்பப் போறன். நீங்கள் படிக்கிற பிள்ளையள். இது அங்க சரிவருமோ எண்டு நல்லாப் பாத்துச் சொல்லுங்கோ."

நாங்கள் கலைப்பீடம். வரலாறு படிக்கிற நாலுபேரிடம் மின்சாரச் சாமானின் தரத்தைக் கேட்டால் என்ன சொல்லுறது? எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, யாருக்காகச் செய்யப்பட்டது, யாருடைய வேலையைக் குறைத்தது, யாருடைய வேலையைக் கூட்டியது எண்டு தேடிப் பார்க்கிறது. இரண்டு கிழமை அதைத்தான் செய்தோம். தேடத் தேட, இந்தப் பெட்டிக்குள் முந்நூறு வருசத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது தெரிந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

முதலில் சாமானை விளங்கிக்கொள்வோம். இந்த ஓவன் மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்கிறது. ஒன்று, காற்றாடியால் சூடான காற்றைச் சுழற்றுகிறது. இரண்டு, தண்ணியைக் கொதிக்க வைத்து நீராவியை உள்ளே விடுகிறது. மூன்று, உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்பதை அளந்து இரண்டையும் தானே சரிப்படுத்துகிறது.

காற்றும் நீராவியும் ஒரே சூட்டில் இருந்தாலும் ஒரே மாதிரிச் சுடுவதில்லை. 100 பாகை சூடான ஓவனுக்குள் கையை ஒரு கணம் விட்டு எடுக்கலாம். கொதிக்கிற பானையின் மூடியைத் திறந்து அதே கையை நீட்டினால் கொப்பளிக்கும். காரணம் மறை வெப்பம். ஒரு கிலோ தண்ணியை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோயூல் போதும். அதே தண்ணி முழுவதும் ஆவியாக இன்னும் 2257 கிலோயூல் வேணும், அதாவது ஏழு மடங்குக்கு மேல். ஆவி குளிர்ந்த சாப்பாட்டில் பட்டுத் தண்ணியாகும்போது அவ்வளவையும் அந்த இடத்திலேயே இறக்கிவிட்டுப் போகிறது. பிட்டும் இடியப்பமும் சில நிமிடங்களில் அவிகிற இரகசியம் இதுதான். எங்கள் ஆச்சிமாருக்குக் கணக்குத் தெரியாது, கை தெரியும்.

மூன்றாவது வேலை கொஞ்சம் நுட்பமானது. புவியியல் பாடத்தில் ஈரக்குமிழ் வெப்பமானி படித்திருப்பீர்கள். குமிழைச் சுற்றி ஈரத்துணி இருக்கும். துணியிலிருந்து நீர் ஆவியாகிறபோது குமிழ் குளிரும், ஆகவே உலர்குமிழைவிடக் குறைந்த அளவைக் காட்டும். சாப்பாடும் அப்படித்தான். 150 பாகை ஓவனுக்குள் ஒரு இறைச்சித் துண்டை வைத்தாலும், அதன் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை வியர்த்து வியர்த்துத் தன்னைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். ஓவனின் முள் காட்டுகிற சூடு ஒன்று, இறைச்சி உணர்கிற சூடு இன்னொன்று. விலை கூடிய இந்த ஓவன்கள் அந்த இரண்டாவது சூட்டை அளக்கின்றன. அதனால் 60 பாகையில் மீனையோ இறைச்சியையோ மணித்தியாலக் கணக்கில் வைத்து, சாறு போகாமல் பக்குவமாக எடுக்கலாம். கடைசியில் நீராவியை நிறுத்திச் சூட்டைக் கூட்டினால் மேல் தோல் பொரிந்து சிவக்கும். 1912 இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த தாக்கத்தின் வேலை அந்தச் சிவப்பு. அது சுறுசுறுப்பாய் நடக்க 140 பாகை அளவு சூடும் காய்ந்த மேற்பரப்பும் வேணும். தண்ணி இருக்கிற இடத்தில் சூடு நூறைத் தாண்டாது. அவித்த கோழி ஏன் சிவப்பதில்லை என்பதற்கு விடை அதுதான்.

எலும்பை மெதுவாக்கிய மனிதர்

இனி வரலாற்றுக்கு வருவோம். 1679 இல் தெனி பப்பின் என்ற பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்துக்காரர் லண்டனில் ஒரு இரும்புப் பானை செய்தார். இறுக்கி மூடிய பானை. உள்ளே நீராவி வெளியேற வழியில்லாமல் அமுக்கம் கூடும், கூட நீரின் கொதிநிலையும் நூறைத் தாண்டும். வெடிக்காமல் இருக்க ஒரு காப்பு அடைப்பும் வைத்தார். இன்றைக்கு எங்கள் வீடுகளில் விசிலடிக்கிற குக்கரின் பாட்டன் அது. 1682 ஏப்ரல் 12 அன்று லண்டன் றோயல் சொசைற்றி உறுப்பினர்களுக்கு அந்தப் பானையில் சமைத்து விருந்து வைத்தார். நாட்குறிப்பாளர் ஜோன் ஈவ்லின் அங்கே சாப்பிட்டுவிட்டு, மாட்டெலும்பும் ஆட்டெலும்பும்கூட மெத்தெண்டு ஆகிவிட்டதை ஆச்சரியத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

எங்களைக் கவர்ந்தது விருந்தல்ல. பப்பினின் நோக்கம். வீணாக எறிகிற எலும்பிலிருந்து, குறைந்த விறகில், மலிவான சத்துணவு எடுக்கலாம் என்பதுதான் அவர் வாதம். அதாவது நீராவிச் சமையல் விஞ்ஞானத்துக்குள் நுழைகிறபோது, வசதியானவர்களின் ருசிக்காக நுழையவில்லை. எரிபொருள் மிச்சம், வயிறு நிறைவு என்ற கணக்கோடு நுழைந்தது. பப்பின் கடைசியில் வறுமையில், எப்போது இறந்தார் எண்டுகூடச் சரியாகத் தெரியாத அளவுக்கு மறக்கப்பட்டுப் போனார்.

பிச்சைக்காரரும் பிரபுவும்

இரண்டாவது ஆள் பெஞ்சமின் தொம்சன். 1753 இல் மசசூசெற்சில் பிறந்தவர். அமெரிக்கப் புரட்சியில் பிரித்தானியப் பக்கம் நின்றார். மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு 1776 இல் இங்கிலாந்துக்குப் போனார். பிறகு பவேரிய ஆட்சியாளரிடம் வேலைக்குச் சேர்ந்து றம்ஃபோட் பிரபு ஆனார். நல்லவரோ கெட்டவரோ எண்டு ஒரு வரியில் சொல்லேலாத மனிதர்.

1790 ஜனவரி முதலாம் திகதி மியூனிக் நகரத்துப் பிச்சைக்காரர்களை அவர் ஒரே நாளில் பிடிப்பித்தார். அவர்களுக்கு ஒரு வேலைவீடு. அங்கே இராணுவத்துக்குச் சீருடை தைக்கிற வேலை. கூலியோடு சாப்பாடு. அந்தச் சாப்பாடுதான் பின்னால் றம்ஃபோட் சூப் எண்டு பேர் பெற்றது: பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, கொஞ்ச வினாகிரி, காய்ந்த பாண். ஆயிரக்கணக்கானவருக்கு ஆகக் குறைந்த செலவில், ஆகக் குறைந்த விறகில் எப்படிச் சமைப்பது என்ற கேள்விதான் அவரைச் சூடு பற்றிய ஆராய்ச்சிக்குள் தள்ளியது.

அந்த ஆராய்ச்சியில் இரண்டு விசயங்கள் எங்கள் பெட்டியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. முதலாவது, உருளைக்கிழங்கு உலர்த்தச் செய்த ஒரு கருவியில் ஆட்டின் முன்னந்தொடையை வைத்துப் பார்த்தார். மூன்று மணித்தியாலம் கழித்தும் வேகவில்லை. சரிவராது எண்டு விட்டுவிட்டுப் போனார். வேலைக்காரப் பெண்கள் அதை இரவு முழுக்க உள்ளேயே விட்டுவிட்டார்கள். விடியப் பார்த்தால் பக்குவமாய் வெந்து, சாறு குறையாமல் இருந்தது. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் சமைப்பது பற்றி ஐரோப்பிய விஞ்ஞானத்தில் கிடைக்கிற ஆரம்பக் குறிப்புகளில் இது ஒன்று. கண்டுபிடித்தவர் என்ற பேர் பிரபுவுக்கு. இறைச்சியை எடுக்காமல் விட்ட பெண்களின் பேர் எங்கேயும் இல்லை. இந்த இடத்தில் எங்கள் நாலுபேருக்குள்ளும் ஒரு சின்னச் சண்டை நடந்தது எண்டதையும் சொல்லத்தான் வேணும்.

இரண்டாவது, அவர் செய்த வாட்டுகருவி. செங்கல் கட்டுக்குள் பதித்த ஒரு இரும்பு உருளை. அடியில் இரண்டு காற்றுக் குழாய்கள், மேலே ஆவி போக ஒரு குழாய். முதலில் எல்லாவற்றையும் மூடி வைத்தால் இறைச்சி தன் ஈரத்திலேயே வேகும். கடைசியில் குழாய்களைத் திறந்துவிட்டால் சுடுகாற்று பாய்ந்து ஆவியை வெளியேற்றி மேற்பரப்பைச் சிவக்க வைக்கும். முதலில் ஈரம், பிறகு உலர்வு. பெரியம்மாவின் பெட்டி கணினி வைத்துச் செய்கிற வேலையை அவர் இரும்பு மூடிகளை வைத்துச் செய்திருக்கிறார்.

பாணும் விமானமும்

பாண் சுடுகிறவர்களுக்கும் நீராவியின் அருமை முன்பே தெரியும். ஆரம்பத்தில் போறணைக்குள் ஆவி இருந்தால் மாவின் மேல்தோல் உடனே இறுகாது. உள்ளே உப்புகிற பாண் நன்றாய் எழும்பும், தோல் மினுங்கும். வியன்னா நகரத்து வெதுப்பாளர்கள் இதில் பேர் போனவர்கள். 1830களின் கடைசியில் ஓகுஸ்ற் ஸாங் என்ற ஒஸ்திரியர் பரிஸில் வியன்னா பாணிக் கடை திறந்தார், கூட நீராவிப் போறணையும் போனது. இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர் குறொசோன் வகையறாக்களை வியன்னாவின் பேரால்தான் அழைக்கிறார்கள். எங்கள் பாணும் போறணையும் போர்த்துக்கேயச் சொற்கள் வழியே வந்ததுபோல. ஆட்சி போனாலும் அடுப்படிச் சொற்கள் போவதில்லை.

காற்றாடி வந்தது போரோடு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நீண்ட தூரம் பறந்த அமெரிக்கக் கடற்படை விமானங்களில் சூடான சாப்பாடு குடுக்க வேண்டிய தேவை இருந்தது. வில்லியம் மக்ஸன் என்பவர் உறைய வைத்த சாப்பாட்டுத் தட்டுகளையும், அவற்றைச் சூடாக்க உள்ளே காற்றாடி வைத்த சிறிய ஓவனையும் 1945 அளவில் கொண்டுவந்தார். சாப்பாட்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கிற குளிர்ந்த காற்றுப் படையைக் காற்றாடி கலைத்துவிடும். அதனால் சூடு கெதியாய் இறங்கும். இன்றைக்கு "எயர் பிரையர்" எண்டு விற்கிறதும் அடிப்படையில் இதே காற்றாடிதான்.

1973 இல் ஜேர்மனியின் லான்ட்ஸ்பேர்க் நகரத்தில் சீக்பிரீட் மைஸ்ரர் என்பவர் ராஷனல் என்ற கம்பனியைத் தொடங்கினார். முதலில் சுடுகாற்று ஓவன்கள். 1976 இல் சுடுகாற்றையும் நீராவியையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்தார்கள். லான்ட்ஸ்பேர்க் பவேரியாவில், மியூனிக்கிலிருந்து அதிக தூரமில்லை. றம்ஃபோட் பிச்சைக்காரருக்குச் சூப் காய்ச்சிய அதே பிரதேசம். தற்செயல்தான், ஆனால் வரலாறு படிக்கிறவர்களுக்கு இப்படியான தற்செயல்களில் ஒரு ஆசை.

இந்தப் பெரிய பெட்டிகள் வீட்டுக்காகச் செய்யப்படவில்லை. வைத்தியசாலை, தொழிற்சாலைக் கன்ரீன், ஹோட்டல், பாடசாலை. நூற்றுக்கணக்கான தட்டுகளை ஒரே தரத்தில், குறைந்த கையாட்களோடு குடுக்க வேண்டிய இடங்கள். 2004 இல் அதே கம்பனி விட்ட மாதிரியில், என்ன சாப்பாடு எண்டு சொன்னால் போதும், சூட்டையும் ஈரத்தையும் நேரத்தையும் ஓவனே முடிவுசெய்யும். சமையல்காரரின் கைப்பக்குவம் கொஞ்சம் கொஞ்சமாய் இயந்திரத்துக்குள் நகர்ந்தது.

பொதுக் குசினியிலிருந்து தனிக் குசினிக்கு

1999 இல் ஜேர்மனியின் காகெனாவ் கம்பனி நீராவியும் சுடுகாற்றும் சேர்ந்த ஓவனை வீட்டுக் குசினிக்குக் கொண்டுவந்தது. சுவரில் பதிக்கிற, வசதியானவர்களுக்கான சாமான். இன்னொரு பக்கம், 1974 இல் பிரான்ஸின் றுவான் நகரத்தில் ஜோர்ஜ் பிறலுஸ் என்ற சமையல்காரர், வாத்தின் ஈரலைப் பிளாஸ்ரிக் உறைக்குள் இறுக்கிக் குறைந்த சூட்டுத் தண்ணியில் வேகவைத்து, எடை குறையாமல் எடுக்கலாம் எண்டு காட்டியிருந்தார். 2011 இல் நேதன் மிர்வோல்ட் குழுவினர் "மொடர்னிஸ்ற் குசீன்" என்ற பெரும் தொகுதிகளை வெளியிட்டு, ஈரக்குமிழ் கணக்கை வீட்டுச் சமையல் ஆர்வலர்கள் வரைக்கும் கொண்டுபோனார்கள். 2020 இல் அனோவா என்ற அமெரிக்கக் கம்பனி, பிளாஸ்ரிக் உறையே இல்லாமல் அதே பக்குவத்தைத் தரும் எண்டு ஒரு மேசை ஓவனை 599 டொலருக்கு விட்டது. அதன் அடுத்த பதிப்பு 1199 டொலர். டொலருக்கு 300 ரூபா எண்டு வைத்தாலும் மூன்றரை இலட்சம் தாண்டுது. கப்பல் கூலி, வரி வேற.

இப்போது முழுக் கோட்டையும் பாருங்கள். எலும்பிலிருந்து ஏழைக்குச் சாப்பாடு எண்டு பப்பின். வேலைவீட்டுச் சனத்துக்குச் சூப் எண்டு றம்ஃபோட். படையினருக்குச் சூடான தட்டு எண்டு மக்ஸன். நோயாளிக்கும் தொழிலாளிக்கும் எண்டு பெரிய ஓவன்கள். எல்லாமே பலருக்குச் சமைக்கிற கேள்வியிலிருந்து பிறந்தவை. அந்தக் கேள்விகளின் விடைகளைச் சேர்த்துக் கட்டிய பெட்டி கடைசியில் வந்து நிற்கிறது, இரண்டு பேர் இருக்கிற வீட்டு மேசையில்.

"விலை இப்ப கூட, பிறகு குறையும்தானே" எண்டு எங்களில் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. 1947 இல் வந்த முதல் மைக்ரோவேவ் ஓவன் ஒரு ஆள் உயரம், முந்நூறு கிலோவுக்கு மேல். 1967 இல் அது மேசைக்கு வந்தபோது விலை 495 டொலர், அந்தக் காலத்துக்குப் பெரிய காசு. இன்றைக்கு எங்கள் ஊர்க் கடைகளிலேயே தவணைக்கு எடுக்கலாம். இதுவும் அப்படி வரலாம். ஆனால் மைக்ரோவேவுக்கு மாதச் சந்தா இருக்கவில்லை. 2024 ஓகஸ்ரில் அனோவா தன் சமையல் கருவிக்கான செயலிக்குப் புதிதாய்ச் சேருகிறவர்களிடம் சந்தா எடுக்கப்போவதாய் அறிவித்தது. பானை வாங்கினால் பானை எங்களுடையது. செயலியோடு ஓடுகிற பானை எவ்வளவு தூரம் எங்களுடையது என்ற கேள்வி, எங்கள் தலைமுறை கேட்க வேண்டிய புதுக் கேள்வி.

சரி, வாங்கலாமா?

பெரியம்மாவுக்குப் பதில் சொல்லவேணும். முதலில் நல்லதைச் சொல்வோம். அவ இரவு வேலை முடித்து வந்து முதல்நாள் சோற்றை இதில் வைத்தால், காய்ந்து போகாமல், அப்பதான் வடித்த சோறு மாதிரி வரும் எண்டு சொன்னா. மைக்ரோவேவில் ரப்பராகிற பாண், இதில் கொஞ்ச ஆவியோடு சூடாகிப் புதுப்பாணாய் வருதாம். கோழி உள்ளே சாறோடும் வெளியே மொறுமொறுப்போடும் வருது. மீன் உடையாமல் அவியுது. மேலே சொன்ன விஞ்ஞானத்தைப் பார்த்தால் இதெல்லாம் விளம்பரப் பேச்சல்ல, நடக்கக்கூடியது. தனியாய்ச் சமைத்து, தனியாய்ச் சாப்பிட்டு, நேரத்தோடு ஓடுகிற அவவின் சீவியத்துக்கு அது பெறுமதியானதுதான். குறைகளையும் அவவே சொன்னா: ஒவ்வொரு முறையும் உள்ளே தண்ணி தேங்கும், துடைக்க வேணும். பிட்டில் மேலிருந்து துளி விழாமல் துணி மூட வேணும்.

இனி வடமராட்சிக்கு வருவோம். முதலாவது தண்ணி. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். நீராவி ஓவனின் கொதிகலனுக்கு அந்தப் படிவுதான் பெரிய எதிரி. போத்தல் தண்ணி வாங்கி ஊற்றி இடியப்பம் அவித்தால் இலாபம் எங்கே?

இரண்டாவது மின்சாரம். அமெரிக்க, கனடிய வீடுகளில் சாதாரணச் சுவர்ப் பிளக் 120 வோல்ற், 15 அம்பியர், அதாவது ஆகக் கூடியது 1800 வாற். எங்கள் 230 வோல்ற், 13 அம்பியர் பிளக் கிட்டத்தட்ட 3000 வாற் தாங்கும். அங்கே வாங்கியதை இங்கே அப்படியே செருகினால் எரிந்து போகும், இந்த வோல்ற்றுக்கான மாதிரிதான் வேணும். பழுதானால் திருத்த ஆள்? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் நிண்டதை நாங்கள் ஒருத்தரும் மறக்கவில்லை. காஸ் வரிசையும் நீண்ட அந்த நாட்களில் அம்மா விறகில் அவித்தா. ஒரு நாளும் கடைக்கு இடியப்பம் போகாமல் விடவில்லை.

மூன்றாவதுதான் பெரிய விசயம். நாங்கள் இரண்டு கிழமை வாசித்துக் கண்டுபிடித்ததை அம்மா ஒரு கேள்வியில் கேட்டா. போன சனிக்கிழமை அவவின் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டினபோது, கையைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தா.

"வடிவாத்தான் இருக்கு. ஒருதரத்துக்கு எத்தினை தட்டு வைக்கலாம்?"

பெரியம்மாவுக்கு மெசேஜ் போட்டோம். அவ தட்டு வைத்து அளந்து பதில் போட்டா. ஒரு தட்டில் ஆறு, இரண்டு தட்டுக்குப் பன்னிரண்டு. அம்மாவின் பானையில் இடியப்பத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்கினால் ஒரு அவியலுக்கு முப்பது. முந்நூறுக்குப் பானை பத்துத் தரம், பெட்டி இருபத்தைந்து தரம்.

அப்பதான் எங்களுக்கு உறைத்தது. இந்த ஓவனின் முழுத் திறமையும் நூறு பாகைக்குக் கீழேயும் மேலேயும்தான் இருக்கிறது. அறுபதில் மீனைப் பக்குவமாய் வைக்கும், இருநூறில் தோலைச் சிவக்க வைக்கும். இடியப்பம் அவிகிறது சரியாய் நூறில். அந்த நூறைத் தர எந்தக் கணினியும் தேவையில்லை. கொதிக்கிற தண்ணி தானே நூறில் நிற்கும். அம்மாவின் பானை அந்த வேலையில் ஏற்கெனவே முழுமையடைந்த தொழில்நுட்பம்.

அதைவிட, அம்மாவின் கஷ்டம் அவிக்கிறதிலேயே இல்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வாட்ஸ் கோவன் 1983 இல் "மோர் வேர்க் ஃபோ மதர்" என்ற புத்தகத்தில் இதைத்தான் காட்டினார். இரும்பு அடுப்பு வந்தபோது விறகு தேவை குறைந்தது. விறகு வெட்டுகிறது ஆண்களின் வேலை. ஆகவே ஓய்வு கிடைத்தது அவர்களுக்கு. பெண்ணுக்கோ, ஒரே அடுப்பில் மூன்று நாலு வகை சமைக்கலாம் என்ற புது எதிர்பார்ப்பு வந்து சேர்ந்தது. இயந்திரம் வந்ததா எண்டு கேட்டால் போதாது, எந்த வேலைக்கு வந்தது எண்டு கேட்க வேணும். எங்கள் தோழியின் அம்மா வலதுகை மணிக்கட்டில் துணி கட்டியிருக்கிறா. அடுப்புச் சூட்டால் அல்ல. சுடுமாவைக் குழைத்து, உரலில் வைத்து, முந்நூறு தரம் அமத்திப் பிழிகிறதால். மூன்றரை இலட்சம் ரூபாப் பெட்டி அந்த மணிக்கட்டைத் தொடவே இல்லை.

இதை எப்படிப் பெரியம்மாவிடம் சொல்லுறது எண்டு இரண்டு நாள் யோசித்தோம். தனக்குப் பிடித்ததைத் தங்கச்சிக்கும் அனுப்ப நினைத்தவ. அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. கடைசியில் அம்மாவையே போனில் கதைக்க விட்டோம். கனநேரம் கதைத்தார்கள், ஓவனைப் பற்றிக் கொஞ்சம், பழைய கதைகள் கூட. ஒரு இடத்தில் அம்மா சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"அது உனக்கு நல்லதடி அக்கா. நீ வேலையால களைச்சு வாறனி, வைச்சிரு. எனக்கு எண்டால், பிழியிறதுக்கு ஏதும் இருந்தாச் சொல்லு."

இப்போது எங்கள் நாலுபேரின் போன்களிலும் தேடல் வேற. மின்சாரத்தில் இடியப்பம் பிழிகிற மெசின் இலங்கையில் என்ன விலை, மணித்தியாலத்துக்கு எத்தனை பிழியும், எங்கள் அரிசி மாவுக்கு ஒத்துவருமா, கறண்ட் நிண்டால் கையாலும் சுத்தலாமா. அம்மா இன்னொரு கேள்வியும் சேர்த்திருக்கிறா: பக்கத்து வீட்டு இரண்டு பேரும் இதே தொழில்தான், மூண்டு பேருமாய்ச் சேர்ந்து ஒண்டை வாங்கினால் என்ன?

நூல்களில் இதற்கு விடை இல்லை. விலை விசாரிக்க அடுத்த கிழமை பருத்தித்துறைக்குப் போறம்.